வீரர்களின் கதையைப் பாடமாக்கும்போது சறுக்கும் இடங்கள்

நீதிபோதனை பீரியடில் இப்போது அடிக்கடி வரும் கதை இது. டோக்கியோ ஒலிம்பிக், உயரம் தாண்டுதல் இறுதிப் போட்டி. இத்தாலியின் தம்பேரி காலில் அடிபட்டுக் கடைசி முயற்சியிலிருந்து விலகினாராம். கத்தாரின் பர்ஷிம் தானும் விலகி, தங்கத்தைப் பங்குபோட்டுக்கொண்டாராம். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே வகுப்பில் சொல்வதுதான் முதல் தவறு.

நடந்தது வேறு. 2021 ஆகஸ்ட் 1 அன்று இருவரும் 2.37 மீட்டர் தாண்டினார்கள். 2.39-இல் இருவருமே மூன்று முறையும் தவறவிட்டார்கள். இன்னொரு சுற்று தாண்டி முடிவு செய்யலாம் என்று அதிகாரி சொன்னபோது, இரண்டு தங்கம் தர முடியுமா என்று பர்ஷிம் கேட்டார். விதியில் அதற்கு இடம் இருந்தது. அவ்வளவுதான். புளுகு கலந்த கதையை வைத்து நேர்மையைப் பற்றிப் பேசினால், எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்குப் போய் யூடியூபில் பார்த்துவிட்டு மறுநாள் வந்து நிற்கும்.

சரி, உண்மைக் கதையையே சொல்கிறோம். சொல்லி முடிப்பதற்குள் "ஆகவே மாணவர்களே, விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று நாமே பூட்டுப் போட்டுவிடுகிறோம். அதற்குப் பதிலாக 2024 பாரிஸையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே போட்டி, அதே நிலைமை. நியூசிலாந்தின் கெர், அமெரிக்காவின் மெக்யுவன் இருவரும் 2.36-இல் சமம். இவர்கள் பங்கு போடவில்லை, மோதிப் பார்த்தார்கள். கெருக்குத் தங்கம், மெக்யுவனுக்கு வெள்ளி. இவர்கள் செய்தது தப்பா? கேட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள். வகுப்பு தானாக நடக்கும்.

"உழைத்தால் பதக்கம் நிச்சயம்" என்பதும் வேண்டாம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டது நொடியில் நூறில் ஒரு பங்கில். அவர் உழைக்கவில்லையா என்ன?

பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலு விஷயத்தில் இன்னும் நிதானம் தேவை. ஐந்து வயதில் நடந்த பேருந்து விபத்தைப் பற்றியே பாதி நேரம் பேசிவிட்டு, 2016 ரியோ தங்கத்தோடு முடித்துவிடுவார்கள். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் பதக்க மேடையில் நின்றதைச் சொல்ல மாட்டார்கள். அப்புறம், "அவராலேயே முடிகிறது, உங்களுக்கென்ன?" என்று ஒரு கேள்வி. வகுப்பில் காலைத் தாங்கி நடக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்த நொடியில் மொத்த வகுப்பும் அதன் பக்கம் திரும்பும்.