0.75ஆல் பெருக்குவதை நிறுத்துங்கள்: மின்சார கார் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டி நிறுவனங்களின் கார்களை அக்கக்காகப் பிரித்துப் பார்த்து ஒப்பீட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. சென்னையைச் சுற்றியுள்ள கார், உதிரிபாக நிறுவனங்கள் பலவற்றில் இப்படி ஒரு பிரிவு உண்டு. புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு இப்போது முதலில் கிடைக்கும் தலைப்பு பெரும்பாலும் இதுதான்: போன் நிறுவனம் செய்த காரா, காலங்காலமாகக் கார் செய்யும் நிறுவனத்தின் காரா? ஒரு பக்கம் ஷாவ்மி எஸ்யூ7, மறுபக்கம் ஃபோக்ஸ்வாகனோ டொயோட்டாவோ. வந்து சேரும் வரைவுகளில், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த பிழைகள் வரிசைகூட மாறாமல் இருக்கின்றன. பழைய விலை, வேறு மாடலின் படம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது ஒருவர் எப்படியும் பிடித்துவிடுவார்.

பெயர்ப்பலகையை ஒப்பிடுவது

'தொழில்நுட்ப நிறுவனம்', 'பாரம்பரிய நிறுவனம்' என்று தாளின் நடுவே கோடு போட்டதுமே அறிக்கை தடம் புரளத் தொடங்குகிறது. 2024 மார்ச்சில் அறிமுகமான எஸ்யூ7இன் அடிப்படை மாடலில் இருப்பது பிஒய்டி பேட்டரி; மேக்ஸ் மாடலில் சிஏடிஎல் என்ற சீன பேட்டரி நிறுவனத்தின் பேட்டரி. இன்னொரு போன் நிறுவனமான ஹுவாவே தானாகக் கார் தயாரிப்பதே இல்லை. அதன் தொழில்நுட்பத்தோடு வரும் ஐட்டோ கார்களை செரெஸ் என்ற கார் நிறுவனமும், லக்சீட் கார்களை செரி என்ற கார் நிறுவனமும் தயாரிக்கின்றன. பாரம்பரியப் பக்கம் மட்டும் தனி ரத்தமா? சீனாவில் 2025இல் வந்த நிசான் என்7இன் ஓட்டுநர் உதவி மென்பொருள் மொமென்டா நிறுவனத்துடையது. ஃபோக்ஸ்வாகன் 2023இல் எக்ஸ்பெங், 2024இல் ரிவியன் ஆகிய புதிய மின்சார கார் நிறுவனங்களில் பணம் போட்டதற்கு, சொந்த மென்பொருளில் அது பட்ட பாடே முக்கியக் காரணம். பிஒய்டியை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? 1995இல் பேட்டரி நிறுவனமாகத் தொடங்கி, போன்களுக்கு பேட்டரி விற்று வளர்ந்து, 2003இல்தான் ஒரு கார் நிறுவனத்தை வாங்கியது.

செல் யாருடையது, மோட்டார் யாருடையது, மென்பொருளை எழுதியவர் யார், எந்த ஆலையில் பூட்டப்பட்டது? இந்த நான்கும் இல்லாத அட்டவணையை என் மேசைக்கு அனுப்ப வேண்டாம்.

சிஎல்டிசி ரேஞ்சை 0.75ஆல் பெருக்குவது

ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்தால் கார் ஓடும் தூரம்தான் ரேஞ்ச்; அதை அளக்கும் சோதனை நாட்டுக்கு நாடு வேறு. சீனாவின் சிஎல்டிசி சோதனை தரும் எண்ணையும் ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை தரும் எண்ணையும் நேருக்கு நேர் வைக்கக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் வந்த வினைதான் இது. சிஎல்டிசி எண்ணை 0.75ஆல் பெருக்கினால் 'உண்மையான ரேஞ்ச்' வந்துவிடும் என்று ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் 0.7, சிலர் 0.8. "தம்பி, இந்த 0.75 எங்கிருந்து வந்தது?" என்று ஒருவரைக் கேட்டேன். "எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் சார்" என்றார்.

சிஎல்டிசி சோதனையின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 29 கிலோமீட்டர். அதிகபட்சம் 114. டபிள்யூஎல்டிபியில் சராசரி 46, அதிகபட்சம் 131. நம் நாட்டின் எம்ஐடிசி சோதனையில் வேகம் 90ஐத் தாண்டுவதில்லை. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எனவே ஊர்ந்து போகும் சோதனையில், காரின் வடிவம் நல்லதா கெட்டதா என்பது ஏறக்குறைய தெரியாமலே போய்விடுகிறது.

கணக்காகவே பார்க்கலாம். 75 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி கொண்ட இரண்டு கார்களை வைத்துக்கொள்வோம். ஒன்று தாழ்வான செடான். அதன் காற்றுத்தடைக் கெழுவையும் (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண்) முன்பரப்பையும் பெருக்கினால் 0.45 சதுர மீட்டர். மற்றது உயரமான எஸ்யூவி, 0.75. டயர் உராய்வு, ஏசி, மற்றவை எல்லாம் சேர்த்து இரண்டுக்கும் 100 கிலோமீட்டருக்கு 9 யூனிட் என்று வைப்போம். சீரான 30 கி.மீ. வேகத்தில் காற்றுக்காகச் செலவாவது செடானுக்கு 0.52 யூனிட், எஸ்யூவிக்கு 0.87. ரேஞ்ச் முறையே 788, 760 கிலோமீட்டர். பெரிய வேறுபாடே இல்லை. இப்போது 120இல் ஓட்டுங்கள். காற்றுக்கு மட்டும் 8.3 யூனிட், 13.9 யூனிட். ரேஞ்ச் 433, 328. முதல் காருக்குப் பெருக்கு எண் 0.55 ஆகிறது, இரண்டாவதற்கு 0.43. இதில் 0.75 எங்கே வருகிறது?

தொழில்நுட்ப நிறுவனங்களின் கார்களை ஒப்பிடும்போது இது இன்னும் மோசமாகக் கடிக்கும். எஸ்யூ7 தாழ்வான செடான். நிறுவனம் அறிவித்த காற்றுத்தடைக் கெழு 0.195. அதன் எதிரே பெரும்பாலும் நிறுத்தப்படுவது ஏதாவது ஒரு பாரம்பரிய நிறுவனத்தின் எஸ்யூவி. ஒரே எண்ணால் இரண்டையும் பெருக்கினால், வடிவத்தின் வேலை முழுவதும் தாளிலிருந்து மறைந்துவிடும்.

இப்படிப்பட்ட ஓர் அறிக்கை சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. தாளில் சமமாக இருந்த போட்டிக் கார் நெடுஞ்சாலைச் சோதனையில் வெகுதூரம் முந்திப் போகவே, அதன் பேட்டரி செல்லில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். தங்கள் காரின் பேட்டரியைப் பெரிதாக்க உத்தரவு போட்டார்கள். பேட்டரி பெரிதானதும் எடை கூடியது, எடைக்காக சஸ்பென்ஷன் மாறியது, அதற்காக பிரேக் மாறியது. மாதக்கணக்கில் உழைத்த பிறகு, காற்றுச் சுரங்கச் சோதனைக்குப் போன ஒருவர் உண்மையைச் சொன்னார்: ரகசியம் செல்லில் இல்லை, கூரையின் சரிவிலும் சக்கரங்களின் மூடியிலும் இருந்தது. அந்த வரைபடங்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. அந்தக் கூட்டத்திலும் ஒருவர், "அப்படியானால் 0.75க்குப் பதிலாக 0.65 போடலாமா?" என்று கேட்டார். இன்று நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. இரண்டு கார்களையும் ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே சீரான வேகத்தில் ஓட்டி, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். 60, 90, 120 என்று மூன்று வேகங்கள் போதும். டயர் அளவையும் அன்றைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிமிடக் கணக்கில் சார்ஜிங்

மேலே சொன்ன நோயின் இன்னொரு முகம். எஸ்யூ7 மேக்ஸ் 15 நிமிடத்தில் 510 கிலோமீட்டர் ஏறும் என்றார்கள். அந்தக் கிலோமீட்டரும் சிஎல்டிசி கிலோமீட்டர்தான். ஏறிய யூனிட் எத்தனை என்று கேளுங்கள். உச்ச கிலோவாட் எண்ணும் உதவாது. அது சில நிமிடங்களே நிற்கக்கூடும். 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஆகும் நேரத்தை எழுதுங்கள்.

பழைய நிறுவனம் என்றால் போல்ட்டாவது உறுதியாக இருக்கும் என்று நம்புவது

டொயோட்டா தன் பிஇசட்4எக்ஸ் மின்சார காரை 2022 ஜூனில் திரும்ப அழைத்தது. காரணம், சக்கர போல்ட்டுகள் தளரும் அபாயம். மென்பொருளில் சறுக்கினார்கள் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம்.

மேடையில் சொன்னதைக் காரில் இருப்பதாக எழுதுவது

'அப்டேட்டில் வரும்' என்றால், இன்று இல்லை என்று பொருள். இது போன் நிறுவனங்களின் வழக்கம் மட்டுமல்ல. 2020 செப்டம்பரில் முதன்முதலாக ஐடி.3 மின்சார காரை வாங்கியவர்களுக்கு, இரண்டு டிஜிட்டல் வசதிகள் பின்னர் வரும் என்ற உறுதியோடுதான் ஃபோக்ஸ்வாகன் சாவியைக் கொடுத்தது. சோதித்த நாளன்று காரில் இருந்த மென்பொருள் பதிப்பின் எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

0–100

நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம்தானே? விட்டுவிடுங்கள். எஸ்யூ7 அல்ட்ராவின் 1.98 விநாடிகூட, முதல் ஓர் அடி நகர்வைக் கழித்துவிட்டு எடுத்த கணக்கு.

முன்பதிவை விற்பனை என்று எழுதுவது

ஷாவ்மியின் அடுத்த காரான ஒய்யூ7க்கு 2025 ஜூனில் மூன்றே நிமிடத்தில் 2 லட்சம் ஆர்டர். அவை முன்பணம் கட்டிய ஆர்டர்கள், சாலையில் ஓடும் கார்கள் அல்ல.

ஓட்டுநர் உதவிக்கு வைத்த பெயரை நம்புவது

2025 மார்ச் 29 இரவு, அன்ஹுய் மாகாண நெடுஞ்சாலையில் ஓர் எஸ்யூ7 மோதி மூவர் இறந்தனர். சற்று முன்வரை அந்த காரில் ஓட்டுநர் உதவி இயங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே, விளம்பரங்களில் 'தானியங்கி ஓட்டம்' போன்ற சொற்கள் கூடாது என்று சீன அமைச்சகம் நிறுவனங்களை எச்சரித்தது. அறிக்கையில் 'லெவல் 2', அதாவது ஓட்டுநர் எப்போதும் கவனமாக இருக்க வேண்டிய உதவி, என்று மட்டும் எழுதுங்கள்.

யுவானை ரூபாயாக மாற்றுவது

எஸ்யூ7இன் 2024 அறிமுக விலையான 2,15,900 யுவானை ரூபாய் மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, இங்கே கிடைக்கும் கார்கள் எல்லாம் கொள்ளை விலை என்று எழுதுகிறார்கள். பிஒய்டி சீல் 2024இல் சீனாவில் 1,79,800 யுவானிலும் இந்தியாவில் 41 லட்சம் ரூபாயிலும் விற்பனைக்கு வந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் சீன விலை இந்திய விலையில் ஏறக்குறைய பாதிதான். இடையில் இறக்குமதி வரியும் கப்பலும் வேறு பல செலவுகளும் இருக்கின்றன. அந்த நாட்டு விலையை அந்த நாட்டு கார்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.