சான் செபாஸ்தியானில் இரண்டு நாள்: எங்கே சறுக்குகிறோம்?

ஸ்பெயினின் வடகரையில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும், பாஸ்க் இன மக்களின் ஊர் சான் செபாஸ்தியான். மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தொடாது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் பலர் முதல் மணி நேரத்திலேயே கோட்டை விடுகிறார்கள்.

பழைய நகரத்துப் பார்களில் கவுண்டர் கொள்ளாமல் பிஞ்சோக்களை அடுக்கியிருப்பார்கள். ரொட்டித் துண்டின் மேல் மீனோ நண்டோ முட்டையோ வைத்துக் குச்சி குத்திய பண்டம் அது. பார்த்த வேகத்தில் தட்டு வாங்கி ஏழெட்டு எடுத்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் ஒரு கடையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார்கள். ஒவ்வொரு கடைக்கும் கைவந்த பண்டம் என்று ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் கவுண்டரில் இருக்காது, சுவரில் கரும்பலகையில் எழுதியிருக்கும். கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்றிச் சுடச்சுடத் தருவார்கள். அதைக் கேட்காமல் வந்தால் இவ்வளவு தூரம் போனதில் பாதி வீண்.

ஹில்டாவில் தொடங்குங்கள். ஒரு குச்சியில் பச்சை ஆலிவ், உப்பில் ஊறிய நெத்திலி, வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். கடித்துக் கடித்துத் தின்னாமல் மொத்தத்தையும் ஒரே வாயில் போட்டால்தான் உப்பும் புளிப்பும் காரமும் சேர்ந்து வரும்.

அப்புறம் நேரம். மதியச் சாப்பாடு ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை, இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல். ஆறு மணிக்குப் பசியோடு போய் நின்றால் சமையலறை மூடியிருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை; எனவே பெரிய சாப்பாட்டைச் சனிக்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சொல்லில் பன்றித் தொடைக்கறியும் மீனும் அடங்காது என்று நினைப்பவர்கள் அங்கே உண்டு. ஹாமோன், பெஸ்காதோ இரண்டும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். வதக்கிய பச்சை மிளகாய், காளான், இதியாசாபால் சீஸ் கிடைக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் டார்ட்டில்லா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட்டை விடாதீர்கள்.

சுற்றிப் பார்ப்பதில் பலரும் மறப்பது கடலின் ஏற்ற இறக்கம். லா கோஞ்சா கடற்கரை, ஏற்றத்தின்போது பாதி காணாமல் போகும். இறக்கத்தின்போது மணலிலேயே பக்கத்துக் கடற்கரையான ஒந்தார்ரேத்தா வரை நடக்கலாம். சிற்பி எதுவார்தோ சில்லிதாவின் 'காற்றின் சீப்பு' நேர்மாறு. பாறைகளில் பதித்த மூன்று இரும்புச் சிற்பங்கள் அவை. பக்கத்துத் தரையில் துளைகள் இருக்கும். கடல் ஏறி, அலையும் பலமாக இருந்தால், கீழே மோதும் அலை அந்தத் துளைகள் வழியே காற்றையும் சாரலையும் ஓசையோடு மேலே தள்ளும். வெறும் படத்துக்காக எந்த நேரத்திலோ போகிறவர்களுக்கு இது கிடைக்காது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில், 1912 முதல் ஓடும் கயிற்று ரயிலில் இகெல்தோ மலை ஏறினால் வளைகுடா முழுக்கத் தெரியும்.

மேல்பக்கம் கருகிய சீஸ்கேக்குக்காக லா வின்யா கடைக்கு எல்லாரும் ஓடுகிறார்கள். சரி, ஓடுங்கள். ஆனால் அது இருக்கும் தெருவின் பெயர் 'ஆகஸ்ட் 31'. 1813-ல் அந்தத் தேதியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்த ஆங்கிலேய, போர்த்துகீசியப் படைகள் கொள்ளையடித்தன, ஊரே எரிந்தது. தப்பிய வீடுகள் பெரும்பாலும் இந்தத் தெருவில்தான் இருந்தன. கேக்கை முடித்துவிட்டு அந்த வீடுகளை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.