மேற்கோளை எண்ணுவதற்கு முன்

பதவி உயர்வு விண்ணப்பத்தோடு யாராவது என் நூலக மேசைக்கு வந்தால், மேற்கோள்களை (அதாவது, அவர் கட்டுரையைப் பிற ஆய்வுக் கட்டுரைகள் சுட்டிய தடவைகளை) எண்ணிய முறையைத்தான் முதலில் கேட்பேன். 1964-இல் யூஜீன் கார்ஃபீல்டு கொண்டுவந்த சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற மேற்கோள் அட்டவணையின் அச்சுத் தொகுதியில் மேற்கோள்கள் முதல் ஆசிரியர் பெயரில்தான் இருந்தன.

சரி, ஓர் ஆய்வுத் தாளை எடுங்கள். நான்கு பேர் எழுதிய கட்டுரை, 40 மேற்கோள். முழு எண்ணிக்கையில் ஆளுக்கு 40. கூட்டினால் 160, இல்லாத 120 எங்கிருந்தோ முளைத்துவிடும்! பங்கு பிரித்தால் ஆளுக்கு 10. முதல் ஆசிரியருக்கு மட்டும் என்றால் மற்ற மூவருக்கும் பூஜ்யம். பெரும்பாலும் அகர வரிசையில் பெயர் போடும் கணிதத்துறைக்கு இந்த முதல் ஆசிரியர் முறையைத் தொடவே தொடாதீர்கள்.

எனக்குப் பங்குக் கணக்கே பிடிக்கும் (விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் பிடிக்காது). அப்புறம், எண்ணுக்குப் பக்கத்திலேயே முறையின் பெயரையும் எழுதிவையுங்கள்.