நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: நெஞ்சு வலி வந்தால் எப்படி எடுப்பது?

டாக்டர் எழுதிக் கொடுத்த சார்பிட்ரேட்டை அப்பா முதல் தடவை எடுத்தபோது, நின்றபடியே வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டார். வயிற்றுக்குள் போனால் மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரலே உடைத்துவிடும். மிச்சம் வேலை செய்யவும் நேரமாகும்.

முதலில் உட்காருங்கள். படிக்கட்டானாலும் சரி. சார்பிட்ரேட் ஒரு நைட்ரேட் மருந்து. அது சிரைகளை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களை விரிக்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அதன் சுமை இறங்கும், வலி அடங்கும். கூடவே பிரஷரும் இறங்கும். நின்றுகொண்டே எடுப்பவர்கள் தலை சுற்றி விழுவது அதனால்தான்.

அப்புறம் நாக்கைத் தூக்கி மாத்திரையை அடியில் வையுங்கள். வாய் வறண்டிருந்தால் அதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர். விழுங்காமல் தானாகக் கரைய விடுங்கள். தலை விண்விண்ணென்று தெறிக்கலாம், முகம் சூடாகலாம். மருந்தின் குணம் அது.

சரி, இனி கடிகாரம். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால், அல்லது கூடினால், உடனே 108. ‘இன்னொன்று போட்டுப் பார்ப்போம்’ என்று இழுக்காதீர்கள். போன் பேசிய பிறகுதான் இரண்டாவது மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் இடைவெளி விட்டு, மொத்தம் 3-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. அடைத்த குழாயை இந்த மாத்திரை திறக்காது. வலி குறைந்ததை வைத்து மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

மேல் பிரஷர் 90-க்குக் கீழே இருந்தால் வைக்கக் கூடாது. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமோ, டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரமோ ஆகாதவர்களும் தொடக் கூடாது. பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமா? ஆம்புலன்ஸ்காரர் காதிலாவது போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்றால் உங்கள் அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுக்காதீர்கள். இதயத்தின் வலது பக்கத்தைத் தாக்கிய மாரடைப்பில் இதே மாத்திரை ஆளைச் சாய்த்துவிடும். அது எந்தப் பக்கம் என்று ஈசிஜி எடுக்காமல் நமக்குத் தெரியாது.

அப்பாவின் அட்டை முன்பெல்லாம் பீரோவுக்குள் இருக்கும், சாவி அம்மாவின் இடுப்பில். இப்போது கட்டில் தலைமாட்டில் ஒன்று, அவர் வெளியே கொண்டுபோகும் பையில் ஒன்று. இரண்டிலும் காலாவதி தேதியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.