மோண்ட்ரியனைச் சுவரில் ஒட்டும் முன்

சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள், நடுவே தடித்த கறுப்புக் கோடுகள். இப்படி ஒரு வால்பேப்பரை ஹாலில் ஒட்டிவிட்டால் வீடு மாடர்னாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டச்சு ஓவியர் பியட் மோண்ட்ரியனின் கட்டங்களைக் காபிக் கோப்பையிலும் கைப்பையிலும் அச்சடித்து விற்றதால் வந்த வினை இது. அவர் சார்ந்த டி ஸ்டைல் என்ற டச்சுக் கலை இயக்கத்தினர் வீடு கட்டியபோது அப்படிச் செய்யவில்லை.

உட்ரெக்ட் நகரில் 1924இல் அந்த இயக்கத்தின் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் கட்டிய ஷ்ரோடர் வீட்டைப் பாருங்கள். வீட்டுக்காரரான ட்ரூஸ் ஷ்ரோடரும் சேர்ந்துதான் அதை வடிவமைத்தார். வெளியே பெரிய பரப்புகள் வெள்ளை அல்லது சாம்பல். அடர்ந்த நிறங்கள் வருவது தூண், உத்தரம், கம்பி போன்ற மெல்லிய உறுப்புகளில். மாடியில் நகரும் தடுப்புகளைத் திறந்தால் முழுவதும் ஒரே கூடம். அங்கே தரையிலேயே சிவப்பு, கறுப்பு, வெள்ளை, சாம்பல் பரப்புகள். எந்த உறுப்பு எங்கே முடிகிறது, எது எதைத் தாண்டி நீள்கிறது என்று காட்டுவதுதான் நிறத்தின் வேலை. ரீட்வெல்டின் புகழ்பெற்ற நாற்காலியிலும் இதே கணக்குதான்: சட்டங்கள் கறுப்பு, அவற்றின் வெட்டு முனைகள் மட்டும் மஞ்சள், உட்காரும் பலகை நீலம், சாயும் பலகை சிவப்பு. முதலில் செய்தபோது அந்த நாற்காலிக்கு வண்ணமே இல்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் பூசினார். வடிவம் சரியாக அமைந்த பிறகுதான் நிறம் வந்தது.

ஆக, முதல் தவறு நிறத்தைப் படமாக நினைப்பது. இரண்டாவது, மூன்று நிறங்களுக்கும் சம பங்கு கொடுப்பது. மோண்ட்ரியனின் பல ஓவியங்களில் வெள்ளையும் சாம்பலும்தான் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பு ஒரு மூலையில் இருக்கும். அந்த வெள்ளைகூட எல்லா இடத்திலும் ஒரே வெள்ளை அல்ல.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: நவீனத்துவம் என்றாலே முழு வெள்ளை என்று முடிவுகட்டுவது. அக்காலக் கட்டடங்களை உலகம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் பார்த்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஸ்டுட்கார்ட்டில் 1927இல் நடந்த வீட்டுக் கண்காட்சியில் ஜெர்மன் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் கட்டிய வீடு கண்ணைப் பறிக்கும் நிறங்களில் இருந்தது. கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே 1931இல் சலூப்ரா என்ற சுவிஸ் வால்பேப்பர் நிறுவனத்துக்காக 43 நிறங்களைத் தேர்ந்து கொடுத்தார். எது எதோடு சேரும் என்று பார்க்க, மற்ற நிறங்களை மறைக்கும் துளையிட்ட அட்டையும் உண்டு. நீலம் சுவரைப் பின்னுக்குத் தள்ளும், சிவப்பு அதை இருக்கும் இடத்திலேயே நிறுத்தும் என்பது அவர் கணக்கு. நீளமான குறுகிய அறையில் கடைசிச் சுவருக்கு எந்த நிறம் என்று யோசிக்கும்போது இது உதவும். (இதே மனிதர்தான் ஐலீன் கிரே என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய கடலோர வீட்டில், அவரைக் கேட்காமலேயே பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டிவிட்டுப் போனார். நிறம் தெரிந்தவர்கள் எல்லாம் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் அல்ல.)

சாய்ந்த கோடுகள் மீது இப்போது ஒரு மோகம். மாஸ்கிங் டேப் ஒட்டி, படுக்கையறைச் சுவரில் முக்கோணங்களாக அடிக்கிறார்கள். சாய்கோட்டை அறைக்குள் பெரிய அளவில் கொண்டுவந்த டி ஸ்டைல் ஓவியர் தியோ வான் டூஸ்பர்க், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகர ஒபெட் கட்டடத்தின் சினிமா-நடனக் கூடத்தில் 1928இல் அதைச் செய்தார். கட்டடத்தின் செங்கோணங்களோடு மோத வேண்டும் என்றே அந்தக் கோடுகளைப் போட்டார். ஆடுகிற கூடத்துக்கு அந்தத் துள்ளல் பொருந்தும். அங்கேயும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அந்த ஓவியங்களை எல்லாம் மறைத்துவிட்டார்கள். தூங்கும் அறைக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஷேட் கார்டை நம்பி வண்ணம் வாங்குவது. ஒரே நிறம் பக்கத்தில் இருக்கும் நிறத்தைப் பொறுத்து வேறாகத் தெரியும் என்பதை ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில் பயிற்சி பயிற்சியாகச் செய்து காட்டினார். சாம்பல் தரைக்கு மேலே அமைதியாக இருக்கும் மஞ்சள், சிவப்பு டைல்ஸுக்குப் பக்கத்தில் பச்சை தட்டலாம்.

மோண்ட்ரியன் தன் பாரிஸ் ஸ்டுடியோவில் வண்ண அட்டைகளைச் சுவரில் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். நாமும் அதைச் செய்யலாம். சாம்பிள் டப்பா ஒன்று வாங்கி, பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, அந்தச் சுவரில் சாய்த்து வையுங்கள். காலை வெயிலில் ஒருமுறை, இரவில் விளக்கைப் போட்டு ஒருமுறை பாருங்கள். மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பல்பு நீலத்தை மங்க வைத்துவிடும். அப்புறம் பளபளப்பு: தட்டையான நிறப் பரப்புகளுக்குப் பளபளப்பில்லாத மேட் பெயின்ட்தான் சரி. பளபளக்கும் கிளாஸ் பெயின்ட் அடித்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு, கட்டத்தின் ஒரு பாதி வெளுத்துத் தெரியும்.