யாழ்ப்பாணத்திலிருந்து தனியாகச் சைக்கிளில்: முதலில் படுக்கிற இடத்தைப் பாருங்கள்

தனியாக நெடுந்தூரம் போக வெளிக்கிடுகிறவர்கள் பலர், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்றுதான் முதலில் கணக்குப் பார்க்கிறார்கள். இரவு எங்கே கூடாரம் அடிக்கலாம் என்பதை முதலில் குறியுங்கள். தூரத்தை அதற்குப் பிறகு பிரிக்கலாம். மிதிவெடி, யானை, பாம்பு, நடு றோட்டில் படுத்திருக்கிற கட்டாக்காலி மாடு எல்லாம் இருட்டுப்பட்ட பிறகு இடம் தேடுகிறவருக்குத்தான் பெரிய ஆபத்து.

சாமான் ஏற்றிய சைக்கிளுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிலோமீற்றர் போதும். ஏ9 வீதியில் கிளிநொச்சி ஏறக்குறைய 65 கிலோமீற்றர், அங்கிருந்து வவுனியா இன்னொரு 75. இரண்டிலும் ஆஸ்பத்திரி, சைக்கிள் கடை, விசாரிக்க ஆட்கள் எல்லாம் உண்டு. உடம்பு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் மிதிப்போம் என்று மாங்குளத்தைத் தாண்டிப் போய்ப் புளியங்குளம், ஓமந்தைப் பக்கம் பொழுதுபட நிற்பதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. பின்னேரம் நாலு மணிக்கு இடம் பிடித்திருக்க வேண்டும், ஐந்தரைக்குக் கூடாரம் நிற்க வேண்டும். ஆறரைக்கு இருட்டிவிடும்.

ஏ32 வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, மன்னார் என்று போனால் வாகனம் குறைவு, ஆனால் கடையும் நிழலும் குறைவு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று முகத்திலேயே அடிக்கும். 15 கிலோமீற்றர் வேகம் 9 ஆக விழும், நாலு மணிக் கணக்கு உடைந்துவிடும். அந்த மாதங்களில் ஒரு நாளைக்கு 45 கிலோமீற்றருக்கு மேல் திட்டமிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும் வெள்ளமும். பயணத்தையே தள்ளிப் போடுங்கள். தை, மாசிதான் நல்ல காலம். வடகிழக்கிலிருந்து வருகிற வாடைக்காற்று முதுகில் தள்ளும், திரும்பி வரும்போதுதான் அதன் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும்.

எங்கே படுப்பது?

கோயில் மடம், தேவாலய வளவு, ஆட்கள் குடியிருக்கிற வீட்டு முற்றம். இந்த மூன்றும் கிடைக்கிற வரை வேறு இடம் யோசிக்க வேண்டாம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கோயிலுக்குக் கோயில் தங்கித்தான் போகிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போகிறவர் அந்தத் தங்கலிடங்களை விசாரித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. மன்னார்ப் பக்கம் மடுத் தேவாலய வளவு யாத்திரிகருக்குப் பழகிய இடம். ஆனாலும் அலுவலகத்தில் கேட்டுவிட்டே படுங்கள்.

கேட்கிற முறை முக்கியம். சைக்கிளை வெளியே நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, யாழ்ப்பாணத்திலயிருந்து சைக்கிளில வாறன். இரவைக்கு மட்டும் இந்த மடத்தில படுத்திட்டு விடிய வெளிக்கிட்டிடுவன்" என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பொறுப்பானவர் இல்லையென்றால் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) சொல்லுங்கள். நீங்கள் யாரென்று ஊருக்குத் தெரிந்திருப்பதே காவல். தேத்தண்ணிக் கடையில் சும்மா விசாரிக்கிறவருக்கு மட்டும் இரவு தங்குமிடத்தைச் சொல்ல வேண்டாம். "பின்னால ஆக்கள் வருகினம்" என்று சொல்லி விடலாம். பெண்கள் தனியாகப் போவதென்றால் கன்னியர் மடங்களுக்கு முன்கூட்டியே போன் எடுத்து வைப்பது நல்லது. முகநூலில் படம் போடுவதை அந்த ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தைப் பனைக்குக் கீழே அடிக்க வேண்டாம். நிழல் என்று ஆசையாகத்தான் இருக்கும். காற்றுக்குக் காவோலை விழும், ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். தனித்து நிற்கிற உயர்ந்த மரம் என்பதால் இடி மின்னலுக்கும் அதுதான் முதல் இலக்கு. குளக்கட்டும் வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. பொழுதுபட்ட பிறகு குளத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள், வாளியில் அள்ளிக் கரைக்கு மேலே நின்று குளியுங்கள்.

மிதிவெடி

எழுதுமட்டுவாள், முகமாலை, கிளாலி, பளை, ஆனையிறவு. போர்க்காலத்தில் முன்னரங்கு இருந்த இந்த வரிசையில் தார் றோட்டையும் ஆட்கள் நடந்து பழகிய பாதையையும் விட்டு இறங்கக் கூடாது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 இல் சேர்ந்தது, அகற்றி முடிக்க 2028 வரை தவணை. ஆகவே சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அது பழைய பலகை என்று நினைக்காதீர்கள். பலகை இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்றும் நினைக்காதீர்கள். வெள்ளம் மண்ணை அரித்து வெடியை இடம் மாற்றும்.

சைக்கிள்காரர் மாட்டுப்படுவது கூடாரம் அடிக்கும்போது மட்டுமில்லை, ஒண்டுக்குப் போகப் பற்றைக்குள் பத்து அடி இறங்கும்போதும்தான். அந்த அலுவலைக் கொடிகாமத்தில் முடித்துவிட்டு வெளிக்கிடுங்கள். தெரியாத நிலத்தில் நெருப்பு மூட்டக் கூடாது, கீழே புதைந்து கிடப்பது சூட்டுக்கு வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் நின்று, வந்த காலடியிலேயே திரும்பி வந்து 119க்கு அறிவியுங்கள்.

யானை

குடாநாட்டுக்குள் இந்தப் பயம் இல்லை. மாங்குளத்துக்குத் தெற்கே, நெடுங்கேணி, மடுப் பக்கம், ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை போகிற வீதி எல்லாம் யானை நடமாடுகிற இடம். பின்னேரம் ஐந்து தொடங்கி விடிய ஏழு வரை அந்த வீதிகளில் மிதிக்காதீர்கள். வீதியில் ஈரமான லத்தி, புதிதாக முறிந்த கொப்பு கண்டால் நின்று, பின்னால் வருகிற லொறியோ பஸ்ஸோ வரும் வரை காத்திருந்து அதன் பின்னால் கடவுங்கள். யானையே நின்றால் ஹோன் அடிப்பதும் ரோச் அடிப்பதும் வேண்டாம். திரும்பி 200 மீற்றர் போங்கள். துரத்தினால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட வேண்டிவரும், ஆகவே காசும் போனும் அடையாள அட்டையும் உடம்பிலேயே இருக்கட்டும். வாழைப்பழம், உப்பு, அரிசி எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. மதவாச்சிக்கு அப்பால் தமிழ் குறையும், "மெஹெ அலி எனவாத?" என்று யானை வருமா எனக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பாம்பு

கூடாரத்தின் சிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும், சப்பாத்து உள்ளே. மடத்துத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்தால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே முழுதாகச் செருகுங்கள். கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும், நோவே தெரியாமல் போகலாம். விடிய எழும்பும்போது வயிற்று நோ, கண்ணிமை தானாகச் சரிவது, விழுங்கக் கஷ்டம் இருந்தால் காயம் தேடி நேரத்தை விடாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடித்த இடத்தைக் கட்டவோ கீறவோ கூடாது. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷகடி வைத்தியர் வீட்டில் செலவாகிற இரண்டு மணித்தியாலம் திரும்பி வராது.

தண்ணீரும் சாப்பாடும்

வெயிலில் மிதிக்க ஒரு நாளைக்கு 6 லீற்றர் வரை போகும். சைக்கிளில் எப்போதும் 3 லீற்றர் இருக்கட்டும். பூநகரியிலும் கரையோரங்களிலும் கிணறு இருக்கும், தண்ணீர் சவராக இருக்கும், ஆகவே "நல்ல தண்ணி எங்க எடுக்கலாம்?" என்றே கேளுங்கள். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) ஐந்தாறு பைக்கற் கொண்டுபோங்கள். அது தீர்ந்துபோனால் ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தலையிடி, ஓங்காளம், வியர்வை நிற்பது என்று வந்தால் மிதிப்பதை நிறுத்தி நிழலில் உடம்பை நனையுங்கள். தடுமாற்றமோ மயக்கமோ இருந்தால் அது ஆஸ்பத்திரி அலுவல். பையில் புழுக்கொடியலும் பனங்கட்டியும் போதும், சோறு கடையில்.

சைக்கிள்

26 இஞ்சி ரயர்தான் வழியில் எங்கும் கிடைக்கும். மெல்லிய ரேசிங் ரயருக்கு வவுனியாவில் கூடத் தேடி அலைய வேண்டிவரலாம். இரண்டு ரியூப், ஒட்டுத் துண்டு, சொலூசன், ரயர் கழற்றுகிற லீவர் மூன்று, பம், பிறேக் வயர் ஒன்று, பிறேக் கட்டை ஒரு சோடி, செயின் கழற்றுகிற சாமான், அலன்கீ. பழைய மாதிரி வால்வு என்றால் அதற்குள் போடுகிற றப்பர்க் குழாய் நாலைந்து துண்டு கட்டாயம். வெயிலுக்கு அது பிளந்து, ஒட்டை இல்லாமலே காற்றுப் போகும். ஒட்டுப் போட முன் ரயரின் உட்பக்கத்தை விரலால் தடவி நெருஞ்சி முள்ளைத் தேடி எடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த கிலோமீற்றரில் அதே இடம்.

உடைவது பெரும்பாலும் பின் சில்லில் செயின் பக்கக் கம்பி. பாரம் முழுக்கக் கரியரில் ஏற்றுவதுதான் காரணம். சாமான் 15 கிலோவுக்குள் நிற்கட்டும், மூன்றில் ஒரு பங்கு முன்னுக்கு. கரியர் ஆணிகளை ஒவ்வொரு காலையும் இறுக்குங்கள். இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் பிடிக்காது, இறக்கத்துக்கு முன்பே மெல்லப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

வலது கைப்பிடியில் கண்ணாடி பூட்டுங்கள். முன்னால் இருந்து பஸ் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தால் உரிமை பார்க்காமல் றோட்டு ஓரத்துக்கு ஒதுங்கி நில்லுங்கள். ரயில் கடவையில் தண்டவாளத்தை நேர்க் குறுக்காகக் கடக்க வேண்டும், சரித்துப் போனால் சில்லு பள்ளத்துக்குள் மாட்டும். நாய் துரத்தினால் இறங்கிச் சைக்கிளை இடையில் பிடித்துக்கொண்டு நடவுங்கள். கடித்தால் 15 நிமிடம் சவுக்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டில் ஒருவரிடம் ஒவ்வொரு நாளும் எங்கே படுப்பீர்கள் என்று எழுதிய தாள் இருக்க வேண்டும். விடிய வெளிக்கிடும்போது ஒரு போன், கூடாரம் அடித்ததும் ஒன்று. சிக்னல் விடுபடுகிற இடங்களுக்கு இரண்டு கம்பனி சிம் வையுங்கள். இரவு எட்டு மணி வரை போன் வராவிட்டால் அந்தத் தாளில் உள்ள கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ எடுப்பது, ஒன்பதுக்குப் பொலிசுக்குச் சொல்வது. இதை வெளிக்கிட முன்னமே பேசி முடித்து, இரத்த வகையையும் வீட்டு இலக்கத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அடையாள அட்டை உறைக்குள் வையுங்கள்.