பஸ் நின்ற பிறகுதான் கவனம் வேண்டும்: பள்ளிக்கூடப் பயணத்தில் நாங்கள் விடும் தவறுகள்

பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்கும். வன்னியில், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களில் பிள்ளை ஆறு மணிக்கெல்லாம் வீதிக்கு வந்துவிட வேண்டும். மாரியில் அந்த நேரம் நல்லாக விடிந்திருக்காது. பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கூட்டம் வைத்தால் பழைய பஸ், தேய்ந்த டயர், பிரேக் என்றுதான் பேச்சுப் போகும். அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளை ஏறும்போதும் இறங்கும்போதும் வருகிற ஆபத்தை அங்கே யாரும் எடுப்பதில்லை. அமெரிக்காவில் பஸ்ஸைச் சுற்றியுள்ள பத்து அடியை ஆபத்து வலயம் என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பத்து அடிக்குள் நிற்கும் சின்னப் பிள்ளை சாரதியின் கண்ணில் படாமல் போகலாம்.

போன மாரியில் எங்கள் சந்தியில் கண்டதைச் சொல்கிறேன். கருநீல மழைக்கோட்டு போட்ட சிறுமி ஒருத்தி, மூன்றாம் வகுப்பு இருக்கும். இறங்கும்போது பையின் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் போத்தல் நழுவி முன்சில்லுக்கு உள்ளே உருண்டது. அவள் குனிந்தாள். நடத்துநர் "ரைட்" சொல்லிவிட்டார். கடைக்கார அண்ணை "நில்லு, நில்லு" என்று கத்திக்கொண்டு ஓடினார். பஸ் ஒரு முழம் நகர்ந்து நின்றது. போத்தல் நசிந்து கிடந்தது, பிள்ளை விறைத்துப்போய் நின்றாள். அவள் முதலில் சொன்னது, "அம்மா ஏசுவா."

பிள்ளை குனிவது ஏச்சுக்குப் பயந்துதான். அதனால் "விழுந்ததை எடுக்காதே" என்று மட்டும் சொன்னால் போதாது. "போத்தல் போனால் வேறு வாங்கலாம், ஏசமாட்டேன்" என்றும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். நடத்துநருக்கும் ஒரு வேலை இருக்கிறது: இறங்கிய பிள்ளைகளை எண்ணி, எல்லோரும் பஸ்ஸை விட்டு விலகி நிற்பதைக் கண்ட பிறகு "ரைட்" சொல்வது. அதற்குப் பத்து விநாடி கூடப் போகாது.

அடுத்தது வீதியைக் கடப்பது. ஏ9 வீதியில் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று எங்கு பார்த்தாலும் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், குடிமனை இரு பக்கமும். பஸ்ஸின் வாசல் இடப்பக்கம். வலப்பக்கத்து வீட்டுப் பிள்ளை இறங்கியதும் பஸ்ஸின் முன்னால் சுற்றி ஓடும். பஸ்ஸை முந்திவரும் வான்காரருக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு வான் தெரியாது. மணிக்கு 70 கிலோமீட்டரில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 19 மீட்டர் ஓடும். கண்டு, திடுக்கிட்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்றால் 29 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். அமெரிக்காவில் மஞ்சள் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் "நில்" என்ற கைப்பலகையை நீட்டினால் மற்ற வாகனங்கள் நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பழக்கம் இருக்கிற இடத்தில் பிள்ளை முன்னால் கடக்கலாம். எங்கள் வீதியில் பஸ் நின்றால் பின்னால் வருகிறவர் முந்தத்தான் பார்ப்பார். ஆகவே பஸ் போய் வீதி இரு பக்கமும் வெறுமையாகத் தெரியும் வரை பிள்ளை கரையில் நிற்கட்டும். அதைவிட நல்ல வழி, பஸ் திரும்பிவரும் ஓட்டத்தில் பிள்ளையை அதன் வீட்டுப் பக்கத்திலேயே இறக்குவது. பத்து நிமிடம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

காத்திருக்கும் இடத்தையும் நாங்கள் யோசித்துத் தெரிவதில்லை. நிழலுக்கு ஒரு மரம் இருந்தால் அதுவே தரிப்பிடம். பின்னால் பற்றைக்காடு என்றால் விடியற்காலையில் யானை நிற்கும் இடமும் அதுதான். வீடு, கடை, விளக்கு இருக்கிற இடத்துக்கு ஐந்து நிமிடம் நடந்தாவது போக வேண்டும். மழைக்கோட்டு வாங்கினால் கருப்பு, கருநீலம் வேண்டாம்.

புகையிரதக் கடவையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1990இல் யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயில் நின்றுபோனது. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு 2013இல்தான் மறுபடி ரயில் வந்தது. இடையில் ஒரு தலைமுறை தண்டவாளத்தைக் காணாமலே வளர்ந்தது. இன்றைய பெற்றோரிலும் சாரதிகளிலும் பலர் அந்தத் தலைமுறை. கடவையில் நின்று காது கொடுக்கும் பழக்கம் அவர்களுக்குச் சின்ன வயதில் வாய்க்கவில்லை. 1938இல் அமெரிக்காவின் யூட்டாவில், பனி கொட்டிய ஒரு காலை, பள்ளிக்கூட பஸ்ஸில் ரயில் மோதி 20க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான், பள்ளிக்கூட பஸ் ஒவ்வொரு கடவையிலும் நின்று, கதவைத் திறந்து சத்தம் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற விதி அங்கே பரவியது. இதற்குச் செலவே இல்லை. பஸ்ஸில் போடும் பாட்டை நிறுத்தி, நடத்துநர் இறங்கி இரு பக்கமும் பார்த்துக் கை காட்டினால் போதும்.

நெரிசலுக்கு வருவோம். மிதிபலகையில் பிள்ளை தொங்குவதைக் கண்டதும் "இன்னொரு பஸ் தாருங்கள்" என்று கடிதம் எழுதுகிறோம். எந்தத் தரிப்பில் எத்தனை பிள்ளை ஏறுகிறது என்ற கணக்கு அந்தக் கடிதத்தில் இருப்பதில்லை. 2017இல் பாஸ்டன் நகரில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் எழுதிய கணினி நிரல், கையால் வாரக்கணக்கில் போட்ட பஸ் பாதைகளை அரை மணி நேரத்தில் போட்டது. ஏறத்தாழ 50 பஸ் குறைந்தது. அதே ஆண்டு பள்ளிக்கூடம் தொடங்கும் நேரங்களையும் கணினி வழியாக மாற்றப் பார்த்தார்கள். பெற்றோர் கொதித்தெழ அது கைவிடப்பட்டது. கணக்கும் வேண்டும், பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

எங்களுக்குக் கணினி நிரல் கூட வேண்டாம், ஒரு கொப்பி போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு பேர் ஒரு கிழமை காலையில் தரிப்புக்குத் தரிப்பு நின்று எழுதட்டும்: எத்தனை பிள்ளை, எத்தனை மணிக்கு வந்தது, பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் வீதியைக் கடந்தார்கள், பருவகாலச் சீட்டுப் பிள்ளைகளைக் கண்டும் நிற்காமல் போன பஸ் எத்தனை. மழை நாள் ஒன்றும் அதில் இருக்க வேண்டும், குளம் நிரம்பி வான் பாய்ந்தால் பாதையே மாறிவிடும். பிறகு அந்தக் கொப்பியோடு டிப்போவுக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் போங்கள். சிசு செரிய என்ற மாணவர் பஸ் சேவை கேட்கும் கடிதத்திலும் முதல் பக்கமாக அந்தக் கணக்கை வையுங்கள்.